புது வைஃபையும் கண்டக்டரின் பெல்லும்

கண்டக்டருக்குப் பேச்சு போனபோது அந்த வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை. இருந்த காலத்தில் அந்த வாய் சும்மா இருந்ததே கிடையாது. பஸ்ஸில் சில்லறை இல்லாதவரைத் திட்டும், படியில் நிற்பவரைத் திட்டும், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருப்பவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகரும். வீட்டுக்கு வந்தால் அதே வாய், ஆள் மட்டும் வேறு.

பயணிகள் அவருக்கு வைத்த பெயர் டபுள் பெல். ஒரு தடவை கயிற்றை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு தடவை இழுத்தால் கிளம்பும். அவருக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஆள் தூரத்திலிருந்து ஓடி வருவார், மூச்சு வாங்கக் கையை நீட்டுவார், படியில் கால் வைக்கப் போவார். அந்த நேரம் பார்த்து இரண்டு இழுப்பு. கீழே நிற்பவரின் முகம் தொங்கிப்போவதைப் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்து ரசிப்பார். "வீட்லயே சீக்கிரம் கிளம்பணும்மா!" என்று போகிற வண்டியிலிருந்து உபதேசம் வேறு.

ஒரு தடவை அப்படி ஓடி வந்தது அவருடைய மனைவி. நல்ல மழை. இடுப்பில் குழந்தை, காய்ச்சலில் அனலாகக் கொதிக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற வண்டி அது ஒன்றுதான். புருஷன் வண்டி, கட்டாயம் நிற்கும் என்று நம்பி, பாதிச் சாலையிலிருந்தே கையைக் காட்டிக்கொண்டு ஓடினாள். கண்டக்டர் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு இழுத்தார். அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தே போனாள்.

இதை அவர் ஒளித்து வைத்தாரா? வீட்டுக்கு வருகிற ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரிடமும் சொன்னார். "பஸ்ஸுல ஏறிட்டா எனக்குப் பொண்டாட்டி யாரு, புள்ள யாரு? கட்டினவளுக்கே டபுள் பெல் அடிச்சவன் நான்!" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். மனைவி டீ கொண்டுவந்து வைக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வார். அவள் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தக் காய்ச்சல் குழந்தை பிழைத்து, படித்து, இப்போது வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்குக் கணினியில் வேலை பார்க்கும் மகனாக நிற்கிறது. அவனும் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான். சின்ன வயதில் கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தான்.

பக்கவாதம் வந்தது வேலையில் இருக்கும்போதே. வலது கை, வலது கால், வாய், மூன்றும் ஒரே காலையில் போயின. எஞ்சின் சத்தத்தில் காது முன்னமே பாதி செத்திருந்தது. மிச்சம் இருந்தது இடது கையும் புத்தியும். புத்தி துளியும் மழுங்காமல் அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்து அவருக்கு நேர்ந்ததிலேயே பெரிய கொடுமை அதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து நடு அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாது, தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாது. யாராவது வந்தால்தான் உண்டு. அதனால் மகன் ஒரு பட்டன் வாங்கிவந்து, இடது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் கம்பியில் கட்டினான். வெள்ளையாக, வட்டமாக, பெரிய சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். அமுக்கினால் அதற்குள்ளேயே இருக்கும் பேட்டரியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். வீட்டு வைஃபை வழியாகச் சேதி போய், ஹாலில் சுவரில் செருகியிருக்கும் சின்னப் பெட்டி 'டிங்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் கண்டக்டரின் காதுக்கு எட்டாது. பச்சை விளக்கு எரிந்தால் ஹாலில் அடித்துவிட்டது என்று அவருக்குக் கணக்கு.

கையில் மறுபடியும் ஒரு பெல் கிடைத்ததும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு தடவை அமுக்கினால், வா. இரண்டு தடவை அமுக்கினால், போ. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனைவிக்கு மட்டும் முதல் நாளே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார நேரமில்லை. தண்ணீருக்கு டிங், போர்வைக்கு டிங், மூக்கில் ஈ உட்கார்ந்தால் டிங். பறந்து போன ஈ திரும்பி வந்தால் இன்னொரு டிங். சோப்பு நுரை வழிகிற கையோடு ஓடிவந்து நிற்பாள். அவளை மேலும் கீழும் பார்ப்பார். டிங் டிங். சும்மாதான் கூப்பிட்டேன், போ. வாயால் செய்ததையெல்லாம் இப்போது ஒரு விரலால் செய்தார்.

மற்றவர்களுக்கும் தலைவலிதான். மகன் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது டிங் என்று அடிக்கும். "உங்க வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க போலிருக்கே" என்று எதிர்முனையில் கிண்டல் செய்வார்கள். மருமகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பவள். இங்கே ஒரு டிங் அடித்தால் அங்கே அத்தனை பிள்ளைகளும் கோரஸாக "டிங்" என்று கத்தும். "மாமாவுக்கு ஒரு நாளாச்சும் அந்த விரல் வலிக்காதா?" என்று அவள் புருஷனிடம் முணுமுணுத்தாள். கடைசியில் அறைக் கதவைச் சாத்தி வைக்கிற பழக்கம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுத் தலைமுறை வைஃபை வந்து சேர்ந்தது. தெரு முழுக்க அதே பேச்சு. கீழே மருந்துக்கடை மாற்றியது, மூலையில் இருந்த வக்கீல் ஆபீஸ் மாற்றியது, எதிரே முடிதிருத்தும் கடையும் மாற்றியது. முடி வெட்டிக்கொள்ள எதற்கு அவ்வளவு வேகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் பழசை வைத்திருப்பது ஏதோ கிழிந்த சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போல ஆகிவிட்டது. மகனும் பதிவு செய்தான்.

மாட்ட வந்தவர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். பழைய பெட்டியைக் கழற்றினார். வீட்டின் நடுவில் வைத்தால்தான் எல்லா அறைக்கும் போகும் என்று, கண்டக்டர் அறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பலகை அடித்து, புதுப் பெட்டியை அங்கே உட்கார வைத்தார். நீலமாக ஒரு விளக்கு, கண்டக்டரின் கண்ணுக்கு நேரே. பிறகு ஹாலுக்கு வந்து மகனிடம் கேட்டார்.

"சார், பழைய சாமான் ஏதாவது வைஃபைல ஓடுதா? பல்பு, கேமரா, பெல்லு, அந்த மாதிரி?"

மகன் காதில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. "அப்படி ஒண்ணும் இல்லைங்க. போன், லேப்டாப், டிவி. எல்லாம் புதுசு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். பழைய சாமான் பழைய பேண்டுலதான், அதாவது பழைய அலைவரிசையிலதான் பேசும். அது இருந்தா விட்டுவைக்கிறேன். இல்லேன்னா ஆஃப் பண்ணிடலாம். பக்கத்து வீட்டு இரைச்சல் எல்லாம் அதுலதான் வருது."

"ஆஃப் பண்ணா வேகம் கூடுமா?"

"கொஞ்சம் சுத்தமா இருக்கும்."

"அப்ப ஆஃப் பண்ணிடுங்க. பழசைக் கட்டிட்டு அழுறது யாரு?" என்றான் மகன், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

அவனுடைய முதுகுக்குப் பின்னால், சுவரில், டிங் அடிக்கும் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. வந்தவர், மகன் சொன்னதைச் செய்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

மகன் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வேகம் அளந்தான். கடைசியில் அப்பாவின் அறைக்குள் வந்தான். போனைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அப்பா! வீட்லயே இந்த ரூம்லதாம்ப்பா தூக்கலா வருது! ராஜா மாதிரி படுத்திருக்கீங்க!" என்று காதருகே கத்தினான். கண்டக்டருக்கு அப்போது முதுகு எரிந்துகொண்டிருந்தது. புரட்டிப் படுக்க வை என்று சொல்ல இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டுகிறார் என்று நினைத்து, மகனும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

கண்டக்டர் பட்டனை அமுக்கினார். பச்சை விளக்கு மினுக்கியது. யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து வீடு கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. மீட்டிங்கில் மகன் தெளிவாகத் தெரிகிறான், குரல் கணீரென்று கேட்கிறது, கம்பெனியில் பாராட்டினார்கள். மருமகளின் பிள்ளைகள் கோரஸ் பாட வழியில்லாமல் பாடத்தைக் கவனித்தார்கள். "மாமா இப்ப எவ்ளோ சமத்தாயிட்டாரு!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். "மருந்தை மாத்தினதுல நல்லாத் தூங்குறாரு போல" என்றான் மகன். ஒரு பொருள் இணைப்பில் இல்லை என்று அவனுடைய போனில் அடிக்கடி ஒரு வரி வந்தது. ஈயை ஓட்டுவது மாதிரி விரலால் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தான்.

சாத்திய கதவுக்கு உள்ளே கண்டக்டர் அமுக்கிக்கொண்டிருந்தார். தாகத்துக்கு அமுக்கினார், படுக்கை ஈரத்துக்கு அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு தவறாமல் எரிந்தது. ஹாலில் அடிக்கிறது, மூன்று பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவரே அப்படிச் செய்யக்கூடிய ஆள் என்பதால் அதை நம்ப ஒன்றும் கஷ்டம் இல்லை. முதலில் கோபம் வந்தது. சாப்பாடு ஊட்ட வந்தபோது துப்பினார், மனைவியின் கையைத் தட்டிவிட்டார். வியாதி முற்றுகிறது என்று மருமகள் சொன்னாள்.

பிறகு கோபம் போய் பயம் வந்தது. இடைவிடாமல் அமுக்குவதை விட்டார். ஒரே ஒரு தடவை, மெதுவாக அமுக்கிவிட்டு, ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் வராதவர்கள் பணிவாகக் கேட்டால் வருவார்கள் என்று நினைத்தார் போலும். கெஞ்சுவது எப்படி என்று அந்த விரல் அப்போதுதான் கற்றுக்கொண்டது. எதிரே நீல விளக்கு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மனைவி சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். அவர் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை அமுக்கினார். அவளும் பழக்க தோஷத்தில் திரும்பி நடந்தாள். கதவு வரைக்கும் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டிங் டிங் என்று கேட்கவே இல்லை. கேட்காமலே கால் கிளம்பி வந்திருக்கிறது.

ஹாலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். சின்னப் பெட்டியில் சிவப்பாக ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, அவர் கண்ணில் படாமல் கதவோரம் நின்றாள். அவர் ஒரு தடவை அமுக்கினார். பச்சை எரிந்தது. ஹாலில் சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அவர் கதவைப் பார்த்த பார்வையையும் பார்த்தாள். எத்தனை நாளாக அமுக்கிக்கொண்டிருக்கிறார், என்ன நினைத்துக்கொண்டு கிடக்கிறார், எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரைப் புரிந்துகொள்ள அவளுக்குப் பேச்சு என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

மகன் பக்கத்து அறையில்தான் இருந்தான். கதவைத் தட்டி, "பெல்லு அடிக்கலைப்பா" என்று சொன்னால் முடிந்தது. அந்தக் கதவு வரைக்கும் போனாள். தட்டக் கையையும் தூக்கினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, ஹாலில் இருந்த சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மத்தியானத்தில் தூங்கியதில்லை. அன்றைக்குத் தூங்கினாள்.

இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அந்த பெல்லுக்கு ஒரே ஒரு வாரம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. படுத்துக் கிடப்பவனைத் தவிக்க விடுவது பாவம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவள் முகத்தில் அப்போது வந்த தெளிவைப் பார்த்திருந்தால் திட்ட வருகிற வாயும் கொஞ்சம் தயங்கும்.

வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள், வேளைக்கு முகத்தையும் கையையும் துடைத்து விட்டாள். குறை சொல்ல முடியாது. நடுவில் மட்டும் போகவில்லை. பக்கத்துத் தெருப் பூங்காவுக்கு நடக்கப் போனாள். பழைய சிநேகிதியிடம் போனில் பேசினாள், வீடியோவில். "உன் முகம் எவ்ளோ பளிச்சுன்னு தெரியுதுடி!" என்று அந்தப் பக்கம் வியந்தார்கள். "புது வைஃபை போட்டிருக்கோம்ல" என்றாள்.

கண்டக்டருக்கு உடற்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சொந்த வேலையாக லீவில் போயிருந்தவள் அந்த வாரம் திரும்பி வந்தாள். அவரை ஒருபக்கமாகப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகுத் தோல் வழன்று, இடுப்புக்கு மேலே சதை சிவந்து தெரிந்தது. விரிப்போடு ஒட்டியிருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா இது? யாருமே இவரைத் திருப்பிப் படுக்க வைக்கலையா?"

"அவர் கூப்பிடவே இல்லையே" என்றாள் மனைவி.

அந்தப் பெண் அவருடைய இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் ஓரத்தில் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. பட்டனின் வெள்ளைப் பூச்சு நடுவில் தேய்ந்து போயிருந்தது. சந்தேகப்பட்டு அமுக்கினாள். பச்சை எரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஹாலில் டிங் அடிக்கவில்லை.

"சார்! கொஞ்சம் வாங்க சார் இங்க!"

மகன் காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தான். முதுகைப் பார்த்தான், பட்டனைப் பார்த்தான், போனை எடுத்துப் பார்த்தான். "ஐயோ... அந்தப் பழைய பேண்டு! அன்னைக்கு ஆஃப் பண்ணச் சொன்னேனே!" நின்ற இடத்திலேயே போனில் எதையோ தொட்டான். கொஞ்ச நேரத்தில் ஹாலில் டிங் என்று அடித்தது. டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

அப்பாவின் காதருகே குனிந்து அவன் உடைந்த குரலில் கத்தினான். "அப்பா, பெல்லு அடிக்கவே இல்லப்பா! இத்தனை நாளா எங்களுக்குக் கேக்கவே இல்ல! கேட்டிருந்தா வராம இருப்போமாப்பா?"

கண்டக்டர் அவனையே பார்த்தார். மெதுவாக விளங்கியது. கேட்டும் வராமல் இருக்கவில்லை. ஒருவருக்கும் கேட்கவே இல்லை. கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. இத்தனை நாளில் அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி வந்தது. இடது கையால் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவனும் அழுதான். வாசலில் நின்ற மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும் கவனிக்கலையாம்மா?" என்று மகன் கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும் இந்த வைஃபை எல்லாம்?"

பயிற்சிக்காரப் பெண் புண்ணுக்கு மருந்து போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடச் சொல்லிவிட்டுப் போனாள். மகனுக்கு மீட்டிங் காத்திருந்தது. மருமகளுக்கு வகுப்பு. எல்லோரும் போன பிறகு அறையில் இரண்டு பேர் மட்டும்தான்.

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த மாதிரி அவளை எப்போதும் பார்த்ததில்லை. அதிகாரம் இல்லை, எகத்தாளம் இல்லை. நீயும்தானே கேட்கவில்லை, உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்கிற பார்வை. கையை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் பக்கத்தில் வந்தாள். தலையணையைச் சரி செய்தாள். அவருக்குக் கேட்கிற காதாகப் பார்த்துக் குனிந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அடிக்கலைன்னு எனக்கு முன்னமே தெரியும். கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க அமுக்கினதையும் பாத்தேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் அந்தக் கையின் அடியிலிருந்த பட்டனைக் கம்பியிலிருந்து அவிழ்த்து எடுத்தாள். அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு தடவை அமுக்கினாள். ஹாலில் டிங் டிங் என்று அடித்தது.

"அம்மா, பெல்லு சூப்பரா வேலை செய்யுது!" என்று உள்ளிருந்து மகன் சந்தோஷமாகக் குரல் கொடுத்தான்.

பட்டனை அவர் விரலுக்கு எட்டுகிற மாதிரி பத்திரமாகக் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஹாலுக்கு வந்தாள். சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து சுவரில் இருந்த பெட்டி டிங் என்று ஒரு தடவை அடித்தது. இடைவெளி விட்டு மறுபடியும் ஒரு தடவை.

"அம்மா, அப்பா கூப்பிடறாரு!" என்றான் மகன்.

"கேக்குதுப்பா" என்றாள் அவள், எழுந்திருக்காமல்.